ஆற அமர ஓர் ஆற்று வழி

ஆறு என்னுஞ் சொல்லுக்கு நதி என்பதும் பொருள். வழி என்பதும் பொருள். ஆற்றுப்படை என்னும் நூல்வகையின் பெயரில் நிற்கும் ஆறு, வழியைக் குறிப்பதென்று வகுப்பறையிலே ஆண்டுதோறும் விளக்கி வருகிறோம். நதி போன தடத்தையே மனிதன் முதலில் வழியாகக் கொண்டான் போலும் என்று எண்ணிப் பார்ப்பதும் இன்பமாகவே இருக்கிறது. ஆற அமரச் செய்தல் என்று இன்னொரு வழக்கும் நம்மிடம் உண்டு. பதற்றமின்றி, மனவெம்மை தணிந்து, ஒன்றைச் செய்வதை அது குறிக்கும். ஆற்றங்கரை வழியே ஆற அமரச் செல்லுதல் என்ற ஒன்றைக் கொழும்புத் தமிழராகிய நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அதனை மீட்டுத் தருவதற்குத் தகுந்த கருவி துவிச்சக்கர வண்டி. ஈண்டு யான் சொல்ல வந்தது இதுவே.

பண்டிதருக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நகைக்கக்கூடும். சம்பந்தம் பெயரிலேயே தொடங்குகிறது. துவி என்பதும் வடமொழி, சக்கரம் என்பதும் வடமொழி; வண்டி ஒன்றே நமது. தமிழகத்தார் மிதிவண்டி என்கின்றனர். தனித்தமிழ் அன்பர் ஈருருளி என்பர். பொதுமக்கள் சைக்கிள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுகின்றனர். பெயரைப்பற்றி வாதிடுவோர் சந்தியிலே நிற்க, பெயரைப்பற்றிக் கவலைப்படாதவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். ஆதலின் பெயராராய்ச்சியை இவ்வளவில் நிறுத்திப் பொருளுக்கு வருவோம்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து உறையூர் நோக்கிச் சென்ற வழி, காவிரியின் வடகரை. அச்செலவைச் சொல்லும் பகுதிக்கு நாடுகாண் காதை என்று பெயர். ஊர் போன காதை என்று சொல்லவில்லை. நாடு கண்ட காதை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் கடக்கவில்லை என்றும், இடையிடையே பல நாள் தங்கிச் சென்றனர் என்றும் நூல் கூறுகிறது. பொருளிழந்து, பிறர் அறியாமல், விடியுமுன் வீடுவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். துயரத்தோடு சென்றவர்களுக்கும் வயலும் சோலையும் உழவர் பாட்டும் புலனாயின. மெல்லச் சென்றமையாலே புலனாயின. நீர்க்கரை வழியே நடக்கும்போது நண்டும் நத்தையும் காலடியிலே நசுங்கிவிடலாம், பார்த்து நடக்க வேண்டும் என்று கவுந்தியடிகள் முன்னரே எச்சரிக்கிறார். காலடியில் கிடக்கும் நத்தையைக் காண்பதற்கு எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை வாசகர் சிந்திக்க.

மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் நூல். இன்ன இடத்திலே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும். இன்ன இடத்திலே தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வரும். இன்ன இடம் வழுக்கும். சேயாற்றின் கரையைப் பற்றிக்கொண்டு போங்கள் என்றெல்லாம் அது சொல்கிறது. அந்தப் புலவர் தூரத்தை அளந்து சொன்னதைக் காட்டிலும் காட்சியை அடையாளங் காட்டிச் சொன்னதே மிகுதி. தன் காலால் நடந்து கண்டவனுக்கே அப்படிச் சொல்ல இயலும். நம் பழைய இலக்கியத்தில் நிலத்தைப்பற்றிய அறிவு இத்துணை நுட்பமாக இருப்பதற்குக் காரணம் புலவர்களின் கற்பனை வளம் மட்டுமன்று. அவர்கள் நடந்த நடையுமாகும்.

இனி, நம் மாணவரைப் பார்ப்போம். வெள்ளவத்தையிலே தொடர்மாடியில் வாழும் ஒரு பிள்ளை காலையில் மின்தூக்கியில் இறங்குகிறது, வானில் ஏறுகிறது, பாடசாலை வாயிலில் இறங்குகிறது. மாலையில் அதே வான். அதன்பின் ரியூற்றரி. ஐந்திணையின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும் அப்பிள்ளை தடையின்றி ஒப்புவிக்கும். மருதத்தின் நிலம் எது என்று வினவினால் விடை உடனே வரும். ஆனால் வெள்ளவத்தைக்கு வடபாலும் தென்பாலும் ஒவ்வொரு கால்வாய் கடலை நோக்கி ஓடுகிறது என்பதோ, அவை எங்கிருந்து வருகின்றன என்பதோ அதற்குத் தெரியாது. பாலத்தின் மேலால் வான் போகும்போது ஒரு நொடி துர்நாற்றம் வரும், கண்ணாடியை ஏற்றிவிடுவர். அப்பிள்ளைக்குக் கால்வாயோடு உள்ள உறவு அவ்வளவே.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். நெய்தலைப் பாடமாக்கிய வகுப்பொன்றிலே, முகத்துவாரம் என்னும் ஊருக்கு அப்பெயர் வந்தது எதனால் என்று ஒருமுறை வினவினேன். அவ்வூரிலிருந்தே வருகின்ற மாணவர் அங்கே இருந்தனர். விடை வரவில்லை. சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி ஆறு கடலுக்குள் புகும் வாய் தங்கள் வீட்டுக்கு அண்மையிலே இருக்கிறது என்பதும், தங்கள் ஊரின் பெயரே அதைத் தமிழிலே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதும் அன்றுதான் அவர்களுக்கு ஒருங்கே புலப்பட்டன. காவிரி கடலோடு கலக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். அது தேர்வுக்கு வரும். களனி தேர்வுக்கு வராது.

இக்குறையை நீக்குவதற்கு நடந்தே போகலாமே, வண்டி எதற்கு என்று கேட்கலாம். நடை மிக நன்று. ஆயினும் இன்றைய நகரத்து எல்லையைக் கடந்து வயலையும் சதுப்பையும் காண்பதற்குள் நடப்பவனுக்கு நண்பகலாகிவிடும். மோட்டார் வண்டியோ விரைவாகக் கொண்டுபோய் விடும். ஆனால் இடையிலுள்ள எதனையும் காட்டாது. துவிச்சக்கர வண்டி இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்கிறது. மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்று மெல்ல மிதித்தாலும் ஒரு காலைப்பொழுதில் இருபது கிலோமீற்றர் போய்விடலாம். நினைத்த இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம். கொக்கு எழும் ஓசை கேட்கும். கருவாட்டு மணமும் வரும். எதிரே வருபவரிடம் வழி கேட்கலாம். ஸ்ரார்லி என்னும் ஆங்கிலேயர் 1885இல் இரு சக்கரமும் ஒத்த அளவினவாக அமைந்த வண்டியை ஆக்கினார். 1888இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த ரயரைத் தந்தார். அதன்பின் நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாகியும் அவ்வண்டியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. திருந்திய வடிவம் திருத்தம் வேண்டாது நிற்கும் என்பதற்கு நல்ல வெண்பாவுக்கு அடுத்தபடியாக இதனையே எடுத்துக்காட்டலாம்.

நம்மவர்க்கு இவ்வண்டி புதியதன்று, பழகிச் சலித்தது. அதுவே ஒரு தடையுமாகும். 1990ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் மின்கலமும் பிறவும் தடுக்கப்பட்ட காலத்தில், குடாநாடு முழுவதும் துவிச்சக்கர வண்டியின் மேலேயே வாழ்ந்தது. யான் அப்போது இளைஞன். விறகுக்கட்டும் வாழைக்குலையும் அதன்மேல் சென்றன. பிணியாளரும் அதன்மேல் சென்றனர். நிறுத்திவைத்த வண்டியின் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தவர்கள் வண்டியையும் படகில் ஏற்றிக்கொண்டே கடந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசல் விட்டு எழுந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலிலே மிதிக்க இடமின்றி வண்டிகளை உருட்டிக்கொண்டே சென்றோம். அந்த வண்டியிலே கட்டியிருந்தது ஒரு குடும்பத்தின் முழு உடைமை.

அப்படி வாழ்ந்தவர்கள் கொழும்புக்கு வந்ததும் வண்டியைக் கைவிட்டார்கள். அவர்களைக் குறைகூற இயலாது. அது துன்பகாலத்தின் நினைவு, இல்லாமையின் அடையாளம். பின்னர் 2022இல் பெற்றோல் இன்றி நாடே நின்றபோது, காருக்கு வாரத்தில் 20 லீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்த காலத்தில், கொழும்பு அலுவலர் பலரும் சைக்கிள் கடைகளை நாடினர். விலை பன்மடங்கு ஏறிற்று. பெற்றோல் மீண்டும் வந்தது. வண்டிகள் படிக்கட்டின் கீழே துருப்பிடிக்கத் தொடங்கின. ஆக, இருமுறையும் நாம் அதனை வேறு வழியின்றி ஏறினோம். வழி பிறந்ததும் இறங்கினோம். மகிழ்ச்சிக்காக அதில் ஏறுதல் என்ற ஒன்று நம் பழக்கத்தில் வரவேயில்லை. இடுக்கண் வந்தபோது தோள்கொடுத்த நண்பனை இன்பம் வந்தபோதும் அழைப்பதல்லவா நன்றி?

மகிழ்ச்சிக்காகச் செல்லுதல் என்பது சிறிய காரியமன்று. அதன் பின்னே ஓர் உரிமை நிற்கிறது. போர்க்காலத்துக் கொழும்பிலே தமிழன் ஒருவன் கால்வாய்க் கரையிலே நோக்கமின்றி உலாவ முடிந்ததா? எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எதற்காகப் போகிறாய் என்னும் மூன்று வினாவுக்கும் விடை சொல்ல வேண்டும். அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவும் காட்ட வேண்டும். ‘சும்மா ஆற்றைப் பார்க்கப் போகிறேன்’ என்பது தடைச்சாவடியில் ஏற்கத்தக்க விடையன்று. 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. தக்க காரணமின்றி இங்கே இருக்கக்கூடாது என்பதே அன்று நம் நெஞ்சிற் பதிந்த பாடம்.

அக்காலத்திலே நாம் நேர்கோட்டிற் செல்லக் கற்றுக்கொண்டோம். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. பக்கத் தெருவிலே திரும்புவதில்லை. 2009இல் போர் முடிந்தது. தடைச்சாவடிகள் ஒவ்வொன்றாய் அகன்றன. ஆனால் அந்த நேர்கோடு நம் கால்களிலே தங்கிவிட்டது. நாம் பயந்து கற்றதைப் பிள்ளைகள் பயம் அறியாமலே பழக்கமாகப் பெற்றுவிட்டனர். முப்பது ஆண்டு ஒரு நகரத்திலே வாழ்ந்தும் அதனை விடுதியாகவே கருதுகின்ற மனப்பான்மை இதிலிருந்தே வருகிறது. ஓர் ஊர் நமதாவதற்கு உறுதிப்பத்திரம் மட்டும் போதாது. அதன் சந்துகளும் கரைகளும் காலுக்குப் பழக வேண்டும். காரணஞ் சொல்லாமல் ஒரு கரையிலே நின்று நீரைப் பார்க்கும் நிலை வரவேண்டும். எனவேதான், இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல் கல்வி என்று கொள்க என வற்புறுத்துகிறேன்.

எங்கே போவது? கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே மட்டக்குளிப் பாலத்தாற் களனியைக் கடந்தால் ஹெந்தலை. அப்பக்கத்திலே களனியிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நீர்கொழும்புக் கடனீரேரிவரை செல்வது ஹமில்ற்றன் கால்வாய். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தனர், நீளம் 14.5 கிலோமீற்றர். அக்காலத்தில் வருவாய்த்துறை அதிகாரியாயிருந்த காவின் ஹமில்ற்றன் என்பவரின் பெயரைத் தாங்குகிறது. அதற்கு முன்னரே ஒல்லாந்தர் புத்தளம் முதற் களுத்துறை வரை கால்வாய்களால் நீர்வழி அமைத்திருந்தனர். அவர்க்கும் முன்னர், பதினைந்தாம் நூற்றாண்டிலே, கோட்டை அரசன் வீரபராக்கிரமபாகு நீர்கொழும்புப் பக்கத்து விளைபொருளைக் கொண்டுவரக் கால்வாய் வெட்டுவித்தான் என்பர். பாதைப் படகு என்னும் தட்டையான படகுகள் பொதியேற்றிச் சென்ற நீர்வழி இது. மட்டக்களப்பு வழக்கிலே பாதை என்றால் நீரைக் கடக்கும் மிதவைக்கும் பெயர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். வழியும் பாதை; வழிகடத்துவதும் பாதை.

இக்கால்வாயின் கிழக்கே விரிந்து கிடப்பது முத்துராஜவெல என்னும் சதுப்புநிலம். ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர். பண்டு கோட்டை அரசரின் நெல்வயலாய் இருந்தது என்பது மரபு. பெயரிலுள்ள ‘வெல’ வயலையே குறிக்கும். கால்வாய் வழியே உவர்நீர் ஏறி வயல் கெட்டது. உவர்நீரை வடிக்கவேண்டுமென்பதும் ஹமில்ற்றன் கால்வாயின் நோக்கங்களுள் ஒன்று; அந்நோக்கம் கைகூடவில்லை. மருதம் திரிந்து நெய்தலாய்ப் போன நிலத்தைக் கண்ணாற் காண விரும்பும் மாணவன் இங்கே வருக. 1996 முதல் அது சரணாலயம். கண்டல் மரங்களும் நீர்க்காகங்களும் மீன்பிடிப் படகுகளும் ஒருபுறம். தேவாலயங்களும் கருவாட்டுப் பாய்களும் மறுபுறம். வழியின் முடிவிலே, வாயிலில் 1678 என்று பொறித்த ஒல்லாந்தர் கோட்டையோடு நீர்கொழும்பு. அங்கே மீனவர் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு தமிழ் பேசப்படுகிறது. இலக்கண நூலில் இல்லாத முடிபுகள் அதில் உண்டு. திருத்தப் புகாமல் கேட்டுவிட்டு வருக.

இரண்டாவது வழி, கோட்டையிலிருந்து களனிக்குச் செல்வது. பதினைந்தாம் நூற்றாண்டிலே ஆறாம் பராக்கிரமபாகு கோட்டையில் அரசிருந்த காலத்தில், தொட்டகமுவ ஸ்ரீ ராகுல தேரர் சிங்களத்தில் இயற்றிய தூது நூல் சலலிகிணி சந்தேசம். பூவையாகிய பறவையை, கோட்டையிலிருந்து களனியிலுள்ள விபீஷண தெய்வத்திடம் தூதாக விடுவது நூற்பொருள். அரசன் மகளுக்கு ஆண்மகவு வேண்டுமென்பது வேண்டுகோள். அம்மகளின் பெயர் உலகுடைய தேவி. இப்பெயரின் தமிழை யான் எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. அந்நூலிலே வழியில் உள்ள ஈசுவரன் கோயிலும், அங்கே தமிழில் துதிப்பாடல் பாடப்படுவதும் சொல்லப்படுகின்றன. ஒரு பௌத்த தேரர் தாம் அனுப்பும் பறவைக்குத் தமிழ்ப் பாடல் ஒலிக்கும் கோயிலை வழியடையாளமாகக் காட்டினார். இன்றும் கோட்டையிலே பழைய மதிலின் எச்சமும் அகழியின் சுவடும் காணலாம். அவற்றைப் பார்த்துவிட்டுப் பூவை பறந்த திசையிலே மெல்ல மிதித்துச் சென்று, களனி விகாரைக்கு அருகே ஆற்றைக் காணும் தமிழ் மாணவனுக்கு, இருமொழியின் உறவைப்பற்றி மேடையிலே ஒரு மணிநேரம் பேச வேண்டிய தேவை எனக்கு இராது.

மூன்றாவது வழி நீண்டது. வளர்ந்த மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. போக ஒரு நாள், வர ஒரு நாள் வைத்துக்கொள்க. களனியின் தென்கரையை அடுத்து கடுவெலை, ஹங்வெல்லை வழியாக அவிசாவளை செல்லும் கீழ்மட்ட வீதி. அவிசாவளையிலே சீதாவக்கை ஆற்றங்கரையில் பைரவாண்டி கோயில் என்பதன் திரிபெனக் கருதப்படும் பெரெண்டி கோயில் நிற்கிறது. சைவத்தைத் தழுவிய சீதாவக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் எடுப்பித்தது; அவன் 1593இல் இறந்தான். வேலை முற்றுப்பெறாத கருங்கற் கட்டடம். பாதியில் நின்றுபோன சிற்பத்தின் முன் சிறிதுநேரம் அமர்ந்திருத்தலும் ஒரு பாடமே.

பிறநாட்டார் இதனை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதையும் காண்போம். பிரான்சிலே லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீற்றர் துவிச்சக்கர வண்டி வழி உண்டு. ஜெர்மனியின் பஸ்ஸவ் நகரிலிருந்து வியன்னாவரை டனியூப் நதிக்கரையால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் மிதித்துப் போகலாம். 1681இல் முடிந்த தென்பிரான்சுக் கால்வாயிலே, படகைக் கயிறுகட்டி இழுத்த குதிரைகள் நடந்த கரைத்தடமே இன்று வண்டித்தடமாகிப் பல பகுதிகளிற் பயன்படுகிறது. அங்கெல்லாம் வயதானவர்களும் குழந்தைகளும் செல்கின்றனர். நம் உறவினர் பலர் அந்நாடுகளிலே வாழ்ந்து, அவ்வழிகளிற் சென்று, படமெடுத்து நமக்கு அனுப்புகின்றனர். நாமும் அழகு என்று மறுமொழி எழுதுகிறோம். நம் வாசலில் ஓடும் நீருக்கும் கரை உண்டு என்ற நினைவு அப்போதும் வருவதில்லை.

தடைகள் சொல்வோர் உளர். முதலாவது ஆபத்து. காலி வீதியில் நண்பகலில் பிள்ளைகளை விடுக என்று யான் சொல்லவில்லை. போயா விடுமுறை நாளிலே விடியற்காலையிற் கொழும்பு வீதிகள் எப்படி இருக்கும் என்பதை அறிந்தோர் அறிவர். தலைக்கவசம், விளக்கு, நல்ல பிரேக், முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆசிரியர்: இவ்வளவும் இருந்தாற் போதும். இரண்டாவது வெயில். ஒன்பது மணிக்கு முன் நிழலுக்கு வந்துவிடுக. மூன்றாவது பெண்பிள்ளைகள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே, எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓட்டக் கற்றனர். எழுத்தும் வண்டியும் ஒரே விடுதலையின் இரு சக்கரங்கள் என்பதை அவர்கள் காட்டினர். நம் யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதற்கு முன்பே பாடசாலைக்கு வண்டியிற் சென்றவர்கள். கொழும்பில் மட்டும் அது ஏன் ஆகாது?

நான்காவது பரீட்சை. ஒரு மாதத்தில் ஒரு காலைப்பொழுது போனதால் எந்தப் பிள்ளையும் சாதாரண தரத்திலே தவறாது. ஐந்தாவதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அது மதிப்பு. ‘எங்கள் பிள்ளை சைக்கிளில் போனால் அயலவர் என்ன நினைப்பார்?’ என்பது. இதற்கு விடை ஆசிரியரிடம் இருக்கிறது. ஆசிரியர் முன்னே ஏறினால் மாணவர் பின்னே வருவர். மாணவர் வந்தால் அயலவரும் பழகிக்கொள்வர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடசாலைக்கு மிதித்துப்போன தமிழாசிரியர்களிடமே எங்கள் தலைமுறை தொல்காப்பியம் கேட்டது. அவர்கள் மதிப்புக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அதிகாரிகளிடமும் ஒரு சொல். 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்கள் பதினெட்டனுள் ஒன்றாகக் கொழும்பு தெரிந்தெடுக்கப்பட்டது. இது நமக்குப் பெருமை. தியவன்னா ஓயாவின் கரையிலும் வெரஸ் கங்கையின் கரையிலும் மக்கள் நடக்கவும் ஓடவும் நல்ல தடங்கள் அமைந்துள்ளன. ஆனால் அவை ஒன்றோடொன்று தொடுவதில்லை. ஓரிடத்திலே தடம் தொடங்கி, வேலியிலோ குப்பைமேட்டிலோ முட்டி நிற்கிறது. வழி என்பது தொடர்ந்து போவது, தொடராதது முற்றம். வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து கோட்டை ஏரிவரை, அங்கிருந்து களனிவரை, ஒரே தொடராகக் கரைவழி அமைக்க இயலும். நீர் முன்னரே அவ்வாறு இணைந்து கிடக்கிறது.

அமைக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. கால்வாய்க் கரையிலே பல்லாண்டாகக் குடிசை கட்டி வாழும் ஏழை மக்கள் இருக்கின்றனர். அவர்களிலே தமிழ் பேசுவோரும் பலர். வெள்ளம் வரும்போது முதலில் நனைவது அவர்கள் பாய். உல்லாசமாக வண்டியோட்ட வருவோர்க்கு இடம் வேண்டுமென்று அவர்களைப் பெயர்த்து, தொழிலுக்குத் தொலைவான மாடிகளில் ஏற்றிவிடுவதானால், அந்த வழி எமக்கு வேண்டாம். நண்டையும் நத்தையையும் மிதிக்கக்கூடாது என்ற மரபிலே வந்தவர்கள் நாம். அவர்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் வழியே நல்ல வழி. அவர்களது தேநீர்க் கடைக்கு அதனால் வாணிகமும் உண்டு.

எனவே என் வேண்டுகோள் இது. பாடசாலைத் தமிழ் மன்றங்கள் ஆண்டுக்கொரு கலைவிழா எடுக்கின்றன. அதனோடு மாதம் ஒருமுறை ஒரு நாடுகாண் செலவும் எடுக்கட்டும். 1902இல் தோன்றிய கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இதனை நினைத்தால் இளைஞர்க்கு வழிகாட்ட இயலும். வண்டி இல்லாத பிள்ளைக்கு, படிக்கட்டின் கீழே துருப்பிடிக்கும் வண்டிகளைத் துடைத்து, ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெயிட்டுக் கொடுத்தாற் போதும். புதிதாக வாங்க வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2018 முதல் ஜூன் 3ஆந் திகதியை உலகத் துவிச்சக்கர வண்டி நாளாகக் கொண்டாடுகிறது. தொடங்குவதற்கு நாள் தேடுவோர் அதனைக் கொள்க.

சென்று வந்த மாணவன் ஒரு கட்டுரை எழுதட்டும். அடுத்த மாதம் போகப் போகிறவனுக்கு வழி சொல்வதாக அக்கட்டுரை அமையட்டும். எந்தத் திருப்பத்திலே மரநிழல் உண்டு, எந்த வீட்டிலே தண்ணீர் தருவார், எவ்விடத்தில் வழுக்கும், எந்தக் கிளையிலே மீன்கொத்தி இருக்கும் என்று அவன் எழுதட்டும். தான் கண்டு பெற்றதை எதிர்வந்தவர்க்குச் சொல்லி அவரையும் அவ்வழியே செலுத்துவதே ஆற்றுப்படையின் இலக்கணம். அவ்விலக்கணத்தை நூற்பாவாக மனனஞ் செய்வித்தது போதும். இனி மாணவர் கையால் இலக்கியமாகவும் எழுதுவிப்போம். களனியின் கரைக்கு இன்னும் ஒரு தமிழ் ஆற்றுப்படை எழுதப்படவில்லை. நம் வகுப்பில் உள்ள ஒரு பிள்ளை அதனை எழுதக்கூடும். அதற்கு முதலில் அப்பிள்ளை அந்தக் கரைக்குப் போக வேண்டும்.